அப்பாவுக்கு ஒரு ரொயோட்டா: பழைய 121 நல்லதோ, அக்குவா நல்லதோ?

கோப்பாய் மகன் | சனி, இரவு 8.12

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. முந்தி ஒஸ்ரின் கேம்பிறிஜ் கார் ஒண்டு வைச்சிருந்தவர். அதை வித்த பிறகு இவ்வளவு காலமும் மோட்டர்சைக்கிள்தான். போன மாசம் மழைக்குள்ள சறுக்கி விழுந்ததோட அம்மா சாவியை எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிட்டா. இப்ப கார் ஒண்டு வேணும். மாசத்துக்கு ஒருக்கா பெரியாஸ்பத்திரி கிளினிக், வெள்ளிக்கிழமையில நல்லூர், இடைக்கிடை காரைநகரில அக்கா வீடு. ஓட்டம் அவ்வளவுதான்.

ரெண்டு வண்டி பார்த்து வைச்சிருக்கிறன். ஒண்டு 2003ஆம் ஆண்டுக் கொரோலா 121, பெற்றோல், ஓட்டோ கியர். மற்றது 2013 அக்குவா, ஹைபிரிட். அக்குவாவுக்குக் கொஞ்சம் கூடக் கேக்கினம். 2020இல இறக்குமதியை நிப்பாட்டினவங்கள் 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தவங்கள். பழைய காருக்கே காணி வாங்கிற காசு வேணும் எண்ட நிலை. பிழையா வாங்கினால் இன்னொருக்கா வாங்க எங்களுக்கு ஏலாது.

அப்பா சொல்லுறார், "ரொயோட்டா எண்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கடா" எண்டு. நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் வாங்க விரும்புறன். பாவிக்கிற ஆக்கள் நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுங்கோ.

சுன்னாகம் கராஜ் | சனி, இரவு 9.03

தம்பி, முதல் ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. நீங்கள் சொன்ன ரெண்டு காரின்ர எஞ்சினும் ஒரு வயித்துப் பிள்ளையள். ரெண்டும் ஒன்-என்.இஸட், 1497 சி.சி. 121இல வாறது சாதாரணமா ஓடுற எஞ்சின். அக்குவாவில காற்று உள்ள எடுக்கிற வால்வு பிந்தித்தான் மூடும். எடுத்த காற்றில கொஞ்சம் திரும்பி வெளியில போயிடும். அதால இழுவை குறையும், எண்ணெயும் குறையும். குறைஞ்ச இழுவையைக் கரண்ட் மோட்டர் குடுக்குது. விசயம் அவ்வளவுதான்.

31 வருசமா இந்தத் தொழிலில நிக்கிறன். 121ஐ நான் ஏன் விரும்புறன் எண்டால், பொனற்றைத் திறந்தால் கை போக இடமிருக்கு. பிளக் கழட்டவோ, ஒல்ரனேற்றர் இறக்கவோ பக்கத்துச் சாமான் நாலைக் கழட்டத் தேவையில்லை. இதே எஞ்சின் விட்ஸ், புரொபொக்ஸ், அலியன், பிரிமியோ எண்டு கனக்க வண்டியில வருது. அதால சாமானுக்கு அலையத் தேவையில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடையளில இருந்து பின்னேரம் பஸ்ஸில போட்டுவிட்டால் விடியக் கையில கிடைக்கும்.

ரைமிங் பெல்ற் இல்லை, செயின். ஒயில் நேரத்துக்கு மாத்தினால் செயின் எஞ்சின் உள்ளமட்டும் கிடக்கும். மாத்தாமல் ஓடின வண்டியில செயின் இழுபட்டு, விடிய ஸ்ராட் பண்ணேக்க முன்பக்கத்தில ஒரு கடகட சத்தம் வரும். நீங்கள் பாக்கப்போற 121இல முதல் கேக்கவேண்டியது அந்தச் சத்தத்தைத்தான்.

கரவெட்டி வாசகன் | ஞாயிறு, காலை 6.40

தம்பியின் தகப்பனாருடைய நம்பிக்கைக்கு நீண்ட வேர் உண்டு. நான் முப்பது ஆண்டுகள் வரலாறு படிப்பித்தவன், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாயார் ஊரில் இருந்த நெசவு நிலையத்தில் வேலை செய்தவர். சிறுவனாக அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். பாவு நூல் ஒன்று அறுந்து அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த முழம் முழுவதும் பழுது. அதை அவிழ்த்து மறுபடி நெய்ய அரை நாள் போகும், அன்றைய கூலியும் போகும். கண் எரிய எரிய நூலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ரொயோட்டாவின் கதை இந்த அறுந்த நூலில்தான் தொடங்குகிறது. சகிச்சி ரொயோடா என்பவர் 1867இல் பிறந்த தச்சர் மகன். வீட்டில் தாயார் தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். 1890இல் கைத்தறி ஒன்றைத் திருத்தி அமைத்தார். 1896இல் நீராவியால் ஓடும் தறி. 1924இல் வந்த ஜி வகைத் தறிதான் உச்சம். ஓட்டத்தை நிறுத்தாமலே, ஊடு நூலைக் கொண்டோடும் நாடாவை மாற்றும். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். இதனால் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம், பழுதான துணி ஒரு முழம்கூட வெளியே போகாது. 1929இல் இங்கிலாந்தின் ஓல்டம் நகரத்துப் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் அந்தத் தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுணுக்கு வாங்க உடன்பட்டது. உலகத்துக்கே நெசவு இயந்திரம் விற்ற லங்காஷயர், யப்பானியத் தச்சர் மகனிடம் தறி வாங்கிய நாள் அது. படிப்பித்த காலத்தில் இந்த இடத்துக்கு வரும்போது என் குரல் தானாக உயரும்.

சகிச்சியின் மகன் கீச்சிரோ. அவருக்கு மோட்டார் வண்டியில் பைத்தியம். 1933இல் தறிக் கம்பனிக்குள்ளேயே ஒரு மோட்டார்ப் பிரிவைத் தொடங்கினார். அமெரிக்கச் செவர்லே எஞ்சினைக் கழற்றிப் பார்த்துப் பழகி, 1935இல் மாதிரிக் கார், 1936இல் ஏ.ஏ. என்ற விற்பனைக் கார். 1937 ஓகஸ்ட் 28இல் தனிக் கம்பனி பதிவானது.

பிறகு நேராக வெற்றிதான் என்று நினைக்க வேண்டாம். 1950இல் கம்பனி மூழ்கும் நிலை. வங்கிகள் நிபந்தனை போட்டன. ஏறக்குறைய 1,600 பேரை நிறுத்த வேண்டி வந்தது, தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆட்களை நிறுத்தமாட்டேன் என்று சொல்லியிருந்த கீச்சிரோ அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றுப் பதவி விலகினார். அதே மாதம் கொரிய யுத்தம் மூண்டது. அமெரிக்கப் படை ஆயிரக்கணக்கான லொறிகளுக்கு ஓடர் கொடுத்தது. கம்பனி பிழைத்தது, ஆனால் கீச்சிரோ 1952இல் இறந்துபோனார். கொரோலாவை அவர் கண்ணால் காணவில்லை.

நீர்வேலி வாழை | ஞாயிறு, காலை 7.15

ஐயா, குடும்பப் பேர் ரொயோடா எண்டுறியள், கார் மட்டும் ஏன் ரொயோட்டா?

கரவெட்டி வாசகன் | ஞாயிறு, காலை 7.31

நல்ல கேள்வி. 1936இல் சின்னத்துக்காக ஒரு போட்டி வைத்தார்கள், 27,000 பேரளவில் எழுதினார்கள். அதன் பிறகுதான் பெயரை மாற்றினார்கள். யப்பானிய எழுத்தில் 'ரொயோட்டா' என்று எழுதினால் எட்டுக் கோடுகள் வரும். எட்டு அங்கே நல்ல எண். குடும்பப் பெயருக்கும் கம்பனிக்கும் இடையில் ஒரு தூரமும் கிடைத்தது. ஊர்ப் பெயர்கூடப் பிறகு மாறியது. கொரோமோ என்ற பட்டினம் 1959இல் ரொயோட்டா நகரம் ஆனது.

ஏ9 சாரதி | ஞாயிறு, பிற்பகல் 1.20

கார்க் கதையுக்குள்ள வான்காரன் வாறன், குறை நினையாதேங்கோ. யாழ்ப்பாணத்தில ரொயோட்டாவின்ர பேரைக் காப்பாத்தினது கார் இல்லை, ஹயஸ் வான். எயாப்போட் ஓட்டம், கலியாண வீடு, செத்த வீடு, வெளிநாட்டுக்காரர் வந்தால் கோயில் சுத்துறது எல்லாம் அதிலதான்.

நான் ஹயஸ் 113இல 14 வருசம் கொழும்பு ஓடினனான். 1989இல வந்த உடம்பு அது, நாங்கள் டொல்பின் எண்டுவம். திறீ-எல் டீசல் எஞ்சின், 2.8 லீற்றர். ரேபோ இல்லை, கொம்பியூற்றர் இல்லை. பம்ப் இருக்கு, இஞ்செக்ரர் இருக்கு, மற்றதெல்லாம் இரும்பு. ஏற்றத்தில பின்னால வாறவன் ஹோண் அடிப்பான், அவ்வளவு மெதுவாத்தான் ஏறும். ஆனால் ஒருநாளும் ஆக்களை நடுறோட்டில இறக்கேல்ல. முறிகண்டியில தேங்காய் உடைச்சுப்போட்டு ஒரே மூச்சில போவன். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர்.

இப்ப ஓடுறது கே.டி.எச். ஹயஸ், 2004இல வந்த உடம்பு. சொகுசு, இழுவை எல்லாம் நல்லம். ஆனால் அதில வாறது கொமன் றெயில். எண்ணெய் சரியான அமுக்கத்தில போகும், இஞ்செக்ரரின்ர ஓட்டை மயிரளவு. தண்ணி கலந்த டீசல் ஒருக்கா அடிச்சால் காணும், நாலு இஞ்செக்ரரும் ஒண்டா வேலை வைக்கும். 2022இல எண்ணெய் இல்லாத நேரம் கலனில வைச்சு வித்ததை அடிச்சுப்போட்டு நான் பட்ட பாடு! பிழை வண்டியில இல்லை, எண்ணெயில. ஆனால் பழைய 113 எண்டால் அந்த எண்ணெயையும் குடிச்சுக்கொண்டு இருமி இருமி எண்டாலும் வீட்டை வந்திருக்கும். புதுசு கெட்டிக்காரன், ஆனால் சகிப்புத்தன்மை இல்லை.

சாவகச்சேரிப் பழசு | ஞாயிறு, இரவு 7.48

எல்லாரும் கம்பனியைப் புகழுறியள். நானும் புகழுவன். ஆனால் ஒரு பங்கு எங்கட மெக்கானிக்மாருக்கும் போகவேணும்.

1990க்குப் பிறகு பெற்றோல் வரவிடாத காலத்தை இப்பத்தைப் பிள்ளையளுக்குச் சொன்னாலும் விளங்காது. ஒஸ்ரின், மொறிஸ் காரெல்லாம் மண்ணெண்ணெயில ஓடினது. அது ஏன் ஓடினது? அந்த எஞ்சினுகள் கலவையை ஏழு மடங்களவுதான் அமத்தும், அதுக்கு மண்ணெண்ணெய் காணும். ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சப் பெற்றோல் வேணும். சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில வைச்சுக் கார்பரேற்றருக்குள்ள விட்டு, எஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவம்.

என்னட்டை இருந்தது கே.ஈ. 70 கொரோலா, ஃபோர்-கே எஞ்சின். அது கூட அமத்துற எஞ்சின், கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. மண்ணெண்ணெய் விட்டால் 'டொக்கு டொக்கு' எண்டு அடிக்கும், பிஸ்ரன் போயிடும். ஆறு மாசம் அதை மாமரத்துக்குக் கீழ கல்லில ஏத்தி வைச்சிருந்தனான். பிறகு எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன் வந்து ஹெட்டைக் கழட்டி, ரெண்டு கஸ்கற்றை ஒண்டா வைச்சு இறுக்கி, நெருப்புப் பொறி வாற நேரத்தையும் பிந்த வைச்சான். ஓடினது! புகையாப் போகும், கண் எரியும், ஒயிலுக்குள்ள மண்ணெண்ணெய் இறங்கி ஒயில் தண்ணி மாதிரி ஆயிடும், அதால அடிக்கடி மாத்தவேணும். ஆனால் ஓடினது. என்ர ரெண்டாவது மகளுக்குச் சாமத்தில நோ கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது அந்தக் காரில.

யப்பானில இருந்த எஞ்சினியர் ஒருத்தரும் இப்பிடி ஒரு எண்ணெயை நினைச்சு அதைச் செய்யேல்ல. ஆனால் ஒரு பதினெட்டு வயசுப் பெடியன் ரெண்டு ஸ்பனரோட கழட்டித் திருத்தக்கூடிய மாதிரிச் செய்திருந்தாங்கள். ரொயோட்டா எண்டால் நம்பலாம் எண்டு உங்கட அப்பா சொல்லுறது அந்தக் காலத்து நம்பிக்கை. அந்தப் பெடியனையும் சேர்த்துத்தான் சொல்லுறார்.

ஸ்காபரோ மருமகன் | திங்கள், அதிகாலை 4.05

சாவகச்சேரி ஐயாவின்ர பதிவை ரெண்டு தரம் வாசிச்சன். ஆனால் பேரை மட்டும் நம்பி வாங்காதேங்கோ எண்டு சொல்ல வாறன்.

2009, 2010இல இஞ்ச அமெரிக்கா கனடா முழுக்க லட்சக்கணக்கில ரொயோட்டா வண்டியளைப் பிழை திருத்தத் திருப்பி அழைச்சவங்கள். கால்மிதி அக்சிலேற்றருக்கு மேல ஏறி மாட்டுறது ஒரு பிழை, அக்சிலேற்றர் அமத்தினாப் பிறகு திரும்பி வராமல் இறுகுறது இன்னொரு பிழை. கீச்சிரோவின்ர பேரன் அகியோ ரொயோடா 2010 பெப்ரவரியில அமெரிக்கக் காங்கிரசுக்கு முன்னால இருந்து மன்னிப்புக் கேட்டவர். வேகமா வளர்ந்ததில பாதுகாப்பு பின்னுக்குப் போட்டுது எண்ட கருத்தில அவரே சொன்னார். 2014இல வாடிக்கையாளரைத் தவறா வழிநடத்தினதுக்கு 1.2 பில்லியன் டொலர் கட்டினவங்கள்.

அதைவிட உங்களுக்கு முக்கியமானது எயார்பாக். தகாதா எண்ட யப்பான் கம்பனி செய்த எயார்பாக்கை ரொயோட்டா, ஹொண்டா, நிசான் எண்டு கனபேர் பூட்டினவை. அதை ஊத வைக்கிற மருந்து அமோனியம் நைத்திரேற்று. வருசக்கணக்கா வெக்கையும் ஈரப்பதனும் பட்டால் அது கெட்டுப்போய், வெடிக்கேக்க இரும்புக் கூட்டையே பிளந்து துண்டுகளை ஆளின்ர முகத்துக்கு அடிக்கும். உலகத்தில இருபதுக்கு மேல சனம் செத்திருக்கு. தகாதா 2017இல வங்குறோத்து ஆனது. 121 கொரோலாவும் இந்தத் திருப்பி அழைப்புக்குள்ள வந்த வண்டி. வெக்கையும் ஈரமும் எண்டால் அது யாழ்ப்பாணம்தானே. வாங்க முதல் செசி நம்பரைப் போட்டுப் பாருங்கோ. ரொயோட்டாவின்ர யப்பான் இணையப் பக்கத்திலயே பாக்கலாம்.

கிட்டடிக் கதையும் இருக்கு. 2023 டிசம்பரில டைஹற்சு, பாதுகாப்புப் பரிசோதனையில பொய் செய்தது வெளியில வந்து எல்லா வண்டி அனுப்புறதையும் நிப்பாட்டினது. 2016இல இருந்து டைஹற்சு முழுக்க ரொயோட்டாவின்ர சொத்து. 2024 யூனில ரொயோட்டாவே கொரோலா அக்சியோ, ஃபீல்டர், யாரிஸ் குறொஸ் மூண்டையும் சான்றிதழ்ப் பரிசோதனைப் பிழையால நிப்பாட்டி வைச்சது.

நீர்வேலி வாழை | திங்கள், காலை 6.58

அப்ப எங்கட பாசோ?

ஸ்காபரோ மருமகன் | திங்கள், காலை 7.02

பாசோ, றைஸ் ரெண்டும் டைஹற்சு செய்து ரொயோட்டா சின்னம் குத்தின வண்டியள். கூடாத வண்டி எண்டு சொல்லேல்ல. ஆனால் 121 செய்த ஆக்கள் செய்தது எண்டு நினைச்சு வாங்காதேங்கோ.

கரவெட்டி வாசகன் | திங்கள், காலை 8.20

மருமகன் எழுதியது எனக்கு வலித்தது, ஆனால் சரி. அந்தக் கம்பனியின் அடிப்படையே பழுதைக் கண்டால் நிறுத்துவதுதான். தறியில் இருந்த அந்தப் பழக்கத்தை கம்பனிப் பொறியியலாளர் தாயிச்சி ஓனோ கார்த் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். வேலை செய்யும் எவரும், சாதாரண தொழிலாளியானாலும், பழுதைக் கண்டால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் ஓடிவருவார். அந்த இடத்திலேயே தீராவிட்டால் வரிசையே நிற்கும். நின்ற நேரத்துக்காக அவரை ஒருவரும் ஏசக்கூடாது. அடுத்த ஆள் கேட்ட அளவுக்கு மட்டும் முந்திய ஆள் செய்துகொடுப்பது, களஞ்சியத்தில் குவித்து வைக்காதது, இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அமெரிக்கச் சுப்பர்மார்க்கெற்றில் தட்டு வெறுமையாகும்போது மட்டும் நிரப்புவதை அறிந்து அந்த யோசனைக்கு வந்தார்.

அப்படிப்பட்ட கம்பனியில் மேலே இருந்தவர்கள் கயிற்றை இழுக்கப் பிந்தினார்கள் என்றால் அது சின்னப் பிழை இல்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தோல்வியிலிருந்து கற்றுக்கொண்ட கம்பனி இது. 1957இல் கிரவுண் காரை அமெரிக்காவுக்கு ஏற்றினார்கள். அங்கத்தைய நெடுஞ்சாலை வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. 1960இல் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். 1966இல் வந்த கொரோலாவைச் செய்த தாட்சுவோ ஹசெகாவா போர்க்காலத்தில் விமானம் வடிவமைத்தவர். போட்டிக்கு வந்த நிசான் சன்னி 1000 சி.சி. என்றதும் கொரோலாவை 1100 ஆக்கினார்கள். 2021இல் கொரோலாவின் மொத்த விற்பனை ஐந்து கோடியைத் தாண்டியது.

சுன்னாகம் கராஜ் | திங்கள், பகல் 12.35

ஐயா கயிறு இழுக்கிற கதை சொல்ல எனக்கு வயிறு எரியுது. ஏனெண்டால் எங்கட ஆக்கள் செய்யிறது நேர்மாறு. டாஷ்போட்டில எஞ்சின் லைற் எரிஞ்சால் கராஜுக்கு வராமல் அதுக்கு மேல கறுப்பு ரேப் ஒட்டுறது. விக்கிறவை இன்னும் மோசம், பல்ப்பையே கழட்டி விடுகினம். தம்பி, சாவியை 'ஒன்' நிலைக்குத் திருப்பேக்க எல்லா லைற்றும் ஒருக்கா எரியவேணும், எஞ்சின் ஸ்ராட் ஆனாப் பிறகு அணையவேணும். எயார்பாக் லைற், ஏ.பி.எஸ். லைற், எஞ்சின் லைற் மூண்டையும் பாருங்கோ. எரியாத லைற் எரிஞ்சுகொண்டு கிடக்கிற லைற்றைவிட ஆபத்து.

மானிப்பாய் ரீச்சர் | திங்கள், இரவு 8.50

நான் அக்குவா வைச்சிருக்கிறன், ஆறு வருசம். கணித ஆசிரியை, அதால கணக்கோட சொல்லுறன்.

ரவுணுக்குள்ள லீற்றருக்கு 19, 20 கிலோமீற்றர் கிடைக்குது. 2022இல கியூ.ஆர். முறையில காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல்தான் எண்டு அளந்து குடுத்த நேரம் எனக்கு மிச்சம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு என்னோட மூண்டு ரீச்சர்மாரை ஏத்திக்கொண்டு போய் வந்தனான். அந்த நன்றி இந்தக் காருக்கு எப்பவும் இருக்கு.

பராமரிப்பில எனக்கு ஒரு பிழை நடந்தது. பின் சீற்றுக்குப் பக்கத்தில ஒரு காற்றுத் துவாரம் இருக்கு. பெரிய பற்றரி பின் சீற்றுக்குக் கீழ, அது குளிருறது அந்தத் துவாரத்தால எடுக்கிற காற்றில. நான் அது தெரியாமல் புத்தகப் பையளை அதிலதான் அடுக்கினனான். எங்கட செம்மண் புழுதியும் சேர்ந்து உள்ள ஃபானில மெத்தை மாதிரிப் படிஞ்சிட்டுது. சுன்னாகம் அண்ணைதான் கழட்டித் துப்புரவாக்கித் தந்தவர். இப்ப வருசத்துக்கு ஒருக்கா அதைச் செய்விக்கிறன்.

இனிக் கணக்கு. தம்பி, உங்கட ஓட்டத்தைக் கூட்டிப் பார்த்தன். மாசத்துக்கு 200 கிலோமீற்றருக்கு மேல வராது. 121 லீற்றருக்கு 10 ஓடினால் 20 லீற்றர். அக்குவா 20 ஓடினால் 10 லீற்றர். மாசம் மிச்சம் 10 லீற்றர்தான். அந்த மிச்சத்தில ஒரு பற்றரி மாத்துற காசைச் சேர்க்க எத்தினை வருசம் போகும் எண்டு பாருங்கோ. நான் ஒரு நாளைக்கு 40 கிலோமீற்றர் ஓடுறன், எனக்குச் சரி. என்ர காரில எனக்குச் சரியான விருப்பம், ஆனால் உங்கட அப்பாவுக்கு நான் இதைச் சொல்லமாட்டன்.

சுன்னாகம் கராஜ் | திங்கள், இரவு 9.27

ரீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. ஹைபிரிட்டைப் பற்றிப் பயப்பிடவும் வேண்டாம், தெரியாமல் வாங்கவும் வேண்டாம்.

1997 டிசம்பரில பிரியஸ் வந்த நாளில இருந்து ரொயோட்டா அந்த முறையைத் திருத்திக்கொண்டே வருது. கியர்ப்பெட்டி எண்டு நாங்கள் சொல்லுறதுக்குள்ள பெல்ற்றும் இல்லை, கிளச்சும் இல்லை. ஒரு பல்லுச் சில்லுக் கூட்டம் எஞ்சினையும் ரெண்டு மோட்டரையும் சேர்க்குது. அதில தேயிறதுக்குப் பெரிசா ஒண்டும் இல்லை. கஷ்டம் பற்றரியிலதான். அக்குவாவில 20 துண்டு, ஒவ்வொண்டும் 7.2 வோல்ற், எல்லாம் சேர்ந்து 144. ஒரு துண்டு செத்தால் மற்றதெல்லாம் அதோட இழுபடும். சில இடங்களில செத்த துண்டை மட்டும் எடுத்துப்போட்டு வேற பழைய துண்டைப் போட்டுத் தருவினம். மூண்டு மாசத்தில அடுத்த துண்டு போகும். வயசு ஒத்த துண்டுகளாப் பார்த்து, அளந்து, ஒண்டாப் போட்டால்தான் நிக்கும்.

மற்றது, வீட்டில நிப்பாட்டி வைக்கிற ஆக்களுக்கு ஹைபிரிட் பொருந்தாது. கிழமைக் கணக்கில ஓடாமல் நிண்டால் சின்னப் பற்றரி இறங்கும், பெரிய பற்றரியும் மெல்ல மெல்ல இறங்கும். தவறிப்போயும் வீட்டில செம்மஞ்சள் வயரில கை வைக்காதேங்கோ. 144 வோல்ற் நேர் மின்னோட்டம் ஆளைக் கொல்லும்.

காரைநகர் கரை | செவ்வாய், காலை 10.10

அக்கா வீடு காரைநகர் எண்டபடியால் சொல்லுறன். எங்கட வீதியில ரெண்டு பக்கமும் கடல். சோளகம் அடிக்கேக்க கண்ணாடியில உப்புப் படியும், அதே உப்பு கீழயும் படியும். இங்க நிண்ட வண்டியளின்ர எஞ்சின் ஓடும், கீழ்த்தட்டு சல்லடையா இருக்கும். ஒரு வெள்ளை வான், பார்க்கப் புதுசு மாதிரி, ஜக் வைச்ச இடத்தால ஜக்கே உள்ள போனதைக் கண்ணால கண்டனான்.

தீவுப்பக்கம் வந்திட்டுப் போனால் அண்டைக்கே கீழ நல்ல தண்ணியால அடிச்சுக் கழுவவேணும். இங்கத்தைக் கிணத்துத் தண்ணியால கழுவாதேங்கோ, அதுவே உவர். கோப்பாயில போய்க் கழுவுங்கோ.

121ஐப் பாக்கேக்க டிக்கிக்குள்ள ஸ்பெயார் ரயரைத் தூக்கி அந்தக் கிண்ணத்தைப் பாருங்கோ. பின் சில்லு வளைவுக்குள்ள விரலால தட்டுங்கோ. கறள் ஓட்டையை மறைக்க மக்கு அப்பின இடம் மொத்தமாக் கேக்கும்.

உரும்பிராய் நாடோடி | செவ்வாய், பிற்பகல் 3.44

மீற்றரை நம்பாதேங்கோ. நான் ஒரு விற்பனையாளரிட்டை 84,000 எண்டு காட்டின ஒரு வண்டியை வாங்கி, பிறகு டாஷ்போட்டுக்குள்ள கிடந்த பழைய சேவிஸ் துண்டில 1,90,000 எண்டு கண்டனான். துண்டின்ர திகதி நான் வாங்கிறதுக்கு மூண்டு வருசத்துக்கு முந்தினது. மகளின்ர படிப்புக்கு வைச்ச காசில வாங்கின வண்டி அது. பிறேக் பெடலின்ர ரப்பர், சாரதி சீற்றின்ர ஓரம், ஸ்ரேரிங்கின்ர மினுமினுப்பு, இதுகள் பொய் சொல்லாது. ரப்பர் புதுசா மாத்தியிருந்தால் ஏன் மாத்தினது எண்டு கேளுங்கோ.

கோப்பாய் மகன் | வியாழன், இரவு 9.15

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இழை முழுக்க அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். சாவகச்சேரி ஐயாவின்ர பதிவு வந்த இடத்தில அப்பா கொஞ்ச நேரம் கதைக்கேல்ல. பிறகு தானும் அப்பிடித்தான் கேம்பிறிஜை ஓட்டினது, கார்பரேற்றருக்குப் பெற்றோல் விட்டுத் தந்தது அம்மா எண்டு சொன்னார். எனக்கு அது இவ்வளவு நாளும் தெரியாது.

அக்குவாவை விட்டிட்டம். இண்டைக்குப் பின்னேரம் 121ஐப் போய்ப் பார்த்தன். மீற்றர் 1,60,000 சொச்சம், பெடல் ரப்பரும் அதுக்கேற்ற தேய்வுதான். ஸ்பெயார் ரயர்க் கிண்ணத்தில கறள் இல்லை. லைற் மூண்டும் எரிஞ்சு அணைஞ்சது. செசி நம்பரை ஸ்காபரோ அண்ணைக்கு அனுப்பினன், பார்த்திட்டு எயார்பாக் மாத்தவேண்டிய பட்டியலில நிக்குது எண்டு சொன்னார். சொந்தக்காரர் அதைப்பற்றிக் கேள்விப்பட்டதே இல்லையாம், பாவம், அவரும் பயந்திட்டார். கொம்பனி முகவரிட்டை விசாரிச்சு மாத்தித் தந்தால்தான் காசு தருவம் எண்டு சொன்னன், ஓம் எண்டிட்டார்.

சுன்னாகம் அண்ணை, ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா வந்து எஞ்சினைப் பாப்பியளோ? வண்டி நிக்கிறது இருபாலையில.

சுன்னாகம் கராஜ் | வியாழன், இரவு 9.41

வாறன் தம்பி, காலமை ஆறரைக்கு நிப்பன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஏறி இறங்கிச் சீற்று உயரம் அவருக்குச் சரிவருதோ பாக்கவேணும், ஓடப்போறது அவர்தானே. சொந்தக்காரரிட்டை சனி இரவே ஒண்டு சொல்லி வையுங்கோ: நான் வந்து பொனற்றில கை வைச்சுக் குளிர்ந்திருக்கோ எண்டு பாக்குமட்டும் ஒருத்தரும் ஸ்ராட் பண்ணக்கூடாது.